நாய்க்குட்டியின் கண்ணும் நமது கடமையும்

இளம் அறிவியல், இயற்பியல், இரண்டாம் ஆண்டு

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்பது நம் பழமொழி. காலம் கடந்து செய்யும் எந்தக் காரியத்துக்கும் இதைச் சொல்லி நகைப்பது நமக்கு வழக்கம். ஆனால் பழமொழியில் வரும் அந்தக் கண்ணைப் பற்றி நாம் நினைப்பதே இல்லை. அந்தக் கண்ணைப் பற்றி, அதுவும் ஒரு நாய்க்குட்டியின் கண்ணைப் பற்றி, இந்த ஆண்டு மலரில் எழுத முன்வந்திருக்கிறேன். நண்பர்கள் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டுப் படிக்குமாறு வேண்டுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது எங்கள் தெருவில் ஒரு நாய் ஐந்து குட்டிகள் போட்டது. இரண்டு வாரத்தில் எல்லாம் கண் திறந்தன. நான்கு குட்டிகள் தாயைச் சுற்றி ஓடி விளையாடின. ஐந்தாவது குட்டி சுவரில் முட்டிக்கொண்டது. தண்ணீர்த் தொட்டியில் இடித்துக்கொண்டது. அதன் ஒரு கண் மற்றதைவிடச் சிறுத்தும், இரண்டு கண்களும் வெளுத்தும் இருந்தன. "கிரகணத்தன்று தாய் வெளியே சுற்றியது, அந்த வினைதான்" என்றார் ஒரு பெரியவர். "தாயே மிதித்திருக்கும்" என்றார் இன்னொருவர். ஒரு மாதம் கழித்து அந்தக் குட்டியை யாரோ சாக்கில் போட்டு ஏரிக்கரையில் விட்டுவிட்டு வந்தார்கள். மறு ஆண்டு அதே தாய் மறுபடியும் குட்டி போட்டது. அதிலும் ஒன்று அப்படியே பிறந்தது. இம்முறை கிரகணமும் இல்லை. யாரும் காரணம் சொல்லவும் இல்லை. அந்தக் குட்டியும் ஏரிக்கரைக்கே போயிற்று.

அப்போது எனக்கு விளங்காத ஒன்று இப்போது விளங்குகிறது. அந்தக் குட்டிகளின் கண்ணுக்குள் ஒருவரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்காத இடத்தில் கிரகணம் வந்து உட்கார்ந்துகொண்டது. பார்த்திருந்தால் காரணம் தெரிந்திருக்கும். காரணம் தெரிந்திருந்தால் இரண்டாம் ஈற்றுக்கு முன்பே அந்தத் தாய்க்குக் கருத்தடை செய்திருக்கலாம். நாய்களின் பிறவிக் கண் கோளாறுகளைப் படமெடுத்து அறியும் முறைகள் பணக்காரர் வீட்டு நாய்க்கான ஆடம்பரம் அல்ல. குட்டி கைமாறுவதற்கு முன், இனப்பெருக்கத்துக்கு விடப்படுவதற்கு முன் செய்தாக வேண்டிய கடமை. இதுவே என் கருத்து. இதை நிறுவ முயல்கிறேன்.

பிறவியும் பரம்பரையும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பிறக்கும்போதே இருப்பது பிறவிக் கோளாறு. பெற்றோரின் மரபணு வழியாக வருவது பரம்பரைக் கோளாறு. இரண்டும் ஒன்றல்ல. தாய் சினையாக இருக்கும்போது கண்ட நோயாலோ, உட்கொண்ட மருந்தாலோ குட்டிக்குக் கோளாறு வந்தால் அது பிறவிக் கோளாறு, பரம்பரை அன்று. மாறாக, நல்ல கண்ணோடு பிறந்து நான்கைந்து வயதில் விழித்திரை தேய்ந்து குருடாகும் நாய்க்கு வந்தது பரம்பரை நோய். ஆனால் பிறவியில் தெரியாது. ஆகவே கோளாறு இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது. அது எந்த வகை, கண்ணின் எந்தப் பகுதியில், எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் படம்.

கோலி நாய் சொல்லும் பாடம்

ஸ்காட்லாந்தில் ஆடு மேய்க்கப் பயன்பட்ட இனம் கோலி. விக்டோரியா அரசி அதை விரும்பி வளர்த்ததால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் மதிப்பு உயர்ந்தது. 1943-இல் வெளிவந்த 'லாஸ்ஸி கம் ஹோம்' என்னும் திரைப்படம் அதை உலகமறிந்த நாயாக்கிற்று. எல்லோரும் அதே அழகுள்ள குட்டியைக் கேட்கும்போது, வளர்ப்பவர்கள் பெயர் பெற்ற ஒரு சில ஆண் நாய்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். அப்போது அழகோடு குறையும் சேர்ந்து பெருகும். கோலியில் அப்படிப் பெருகிய குறைக்கு மருத்துவ நூல்கள் 'கோலிக் கண் கோளாறு' என்றே பெயரிட்டிருக்கின்றன. ஷெட்லாந்து மேய்ப்பு நாய், பார்டர் கோலி, ஆஸ்திரேலிய மேய்ப்பு நாய் முதலிய இனங்களிலும் இது உண்டு.

விழித்திரைக்குப் பின்னால் அதற்கு இரத்தம் ஊட்டும் கோராய்டு என்னும் படலம் இருக்கிறது. இந்தக் கோளாறில் அப்படலத்தின் ஒரு பகுதி சரியாக வளர்வதில்லை. இலேசாக இருந்தால் நாய்க்குப் பார்வைக் குறை ஏதும் வெளியே தெரியாது. கடுமையாக இருந்தால் பார்வை நரம்பு தொடங்கும் இடத்தில் குழி விழுந்திருக்கும், விழித்திரை கழன்றுவிடலாம், கண்ணுக்குள் இரத்தம் கசியலாம், பார்வை முற்றும் போகலாம். வளராத படலத்தை வளர்க்க மருந்து கிடையாது. குழியைச் சுற்றி லேசர் பாய்ச்சி விழித்திரை கழலாமல் தடுக்க முயலலாம், அவ்வளவே.

இது ஒடுங்கு மரபணுவால் வருவது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் குட்டிக்குக் கோளாறு தோன்றும். வெளியே நலமாகத் தெரிந்து, உள்ளே ஒரு குறை மரபணுவைச் சுமக்கும் இரு நாய்கள் சேர்ந்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டிக்குக் கோளாறு வரும். 2007-இல் ஆய்வாளர்கள் நாயின் 37-ஆம் குரோமோசோமில் ஏறத்தாழ 7,800 எழுத்துகள் விடுபட்டிருப்பது இக்கோளாறோடு சேர்ந்து பல இனங்களிலும் வருவதைக் கண்டறிந்தார்கள்.

இனித்தான் பாடம் வருகிறது. இலேசான கோளாறுள்ள குட்டியை 6 முதல் 8 வாரத்துக்குள் பார்த்தால், விழித்திரையில் வெளிறிய திட்டு ஒன்று தெளிவாகத் தெரியும். மூன்று மாதம் கடந்து, கண்ணின் உட்புறம் நிறமேறி, இருளில் நாயின் கண்ணை ஒளிரச் செய்யும் பளபளப்புப் படலமும் முதிர்ந்தால், பல குட்டிகளில் அந்தத் திட்டு மறைந்துபோகும். கோளாறு மறைவதில்லை, அதன் அடையாளம் மட்டுமே மறைகிறது. ஒரு வயதில் அந்த நாயைப் பரிசோதிக்கும் மருத்துவர், 'கண் நலம்' என்று மனச்சாட்சியோடு சான்றிதழ் தருவார். அந்தச் சான்றிதழை நம்பி அதை இனப்பெருக்கத்துக்கு விடுவார்கள். இரண்டு குறை மரபணுக்களையும் வைத்திருக்கும் அந்த நாய், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் ஒன்றைத் தவறாமல் கொடுக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் பொய் ஒன்று பரவிவிட்டது! காலம் தவறிய உண்மை பொய்யின் வேலையைச் செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆகவே என் முதல் வேண்டுகோள் இது: நாயின் கண் சான்றிதழில் 'நலம்' என்ற ஒரு சொல் போதாது. எந்த வயதில், எந்தக் கருவியால் பார்க்கப்பட்டது என்று எழுத வேண்டும். எடுத்த படத்தையும் இணைக்க வேண்டும். படம் இருந்தால் நாளை வேறொருவர் அதைப் பார்த்து ஒப்பவும் மறுக்கவும் முடியும்.

ஒளியும் ஒலியும்

கண்ணுக்குள் பார்க்கும் கருவிகளின் வரலாறு எங்கள் துறையான இயற்பியலின் வரலாறுதான் என்றால் மிகையாகாது. 1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண் அகநோக்கியைப் பற்றி நூல் வெளியிட்டார். கண்மணி ஏன் கறுப்பாகத் தெரிகிறது? உள்ளே போன ஒளி வந்த வழியே திரும்பிவிடுகிறது. அந்த வழியில் நம் கண் இருந்தால் நம் தலையே ஒளியை மறைத்துவிடுகிறது. ஒளியை அனுப்பும் வழியிலேயே பார்வையையும் செலுத்தினால் விழித்திரை தெரியும். இந்த எளிய எண்ணத்தில் பிறந்த கருவிதான் இன்றும் கால்நடை மருத்துவரின் முதல் துணை. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டுச் சற்றுப் பொறுத்துப் பார்க்க வேண்டும். இன்று அதே தத்துவத்தில் விழித்திரையை வண்ணப் படமாகவே எடுக்கிறார்கள். உரிய லென்ஸ் ஒன்றைத் துணையாகக் கொண்டு கைப்பேசியிலும் எடுக்க முடியும்.

ஆனால் லென்ஸ் வெளுத்திருந்தால்? எங்கள் தெருக் குட்டியின் கண்ணைப் போலக் கண் மூடுபனி படர்ந்து இருந்தால் ஒளி உள்ளே போகாது. அங்கே ஒலி கைகொடுக்கிறது. நம் செவிக்கு எட்டாத மீயொலியைக் கண்ணுக்குள் அனுப்பி எதிரொலியைப் பதிவு செய்வதே ஸ்கேன். கண்ணின் நீர்மத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,530 மீட்டர் வேகத்தில் செல்லும். நாயின் கண் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 20 மில்லிமீட்டர். போய்த் திரும்ப 26 மைக்ரோ விநாடி ஆகும் என்று நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். விநாடிக்கு ஒரு கோடி அதிர்வுகள் கொண்ட ஒலியின் அலைநீளம் 0.15 மில்லிமீட்டர், ஆகவே அந்த அளவுக்கு நுணுக்கமாகப் பார்க்கலாம். அதிர்வை ஐந்து மடங்காக்கினால் நுணுக்கமும் ஐந்து மடங்காகும். ஆனால் ஒலி ஆழமாகச் செல்லாது. கண்ணின் முன்பகுதியோடு நின்றுவிடும். நுணுக்கம் வேண்டுமா, ஆழம் வேண்டுமா என்பதை மருத்துவர் தேர்ந்துகொள்ள வேண்டும்.

விழித்திரை கழன்றிருந்தால் ஸ்கேன் படத்தில் பறவை சிறகு விரித்தது போன்ற கோடு தெரியும். பார்வை நரம்பின் இடத்தில் அது ஒட்டியிருக்கும். டாபர்மேன், ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர் ஆகிய இனங்களில் வேறொரு பிறவிக் கோளாறு உண்டு. கருவில் லென்ஸை வளர்க்கும் ஓர் இரத்தக் குழாய், வேலை முடிந்ததும் மறைந்துபோக வேண்டும். அது மறையாமல் லென்ஸின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டால் பார்வை மறையும். ஸ்கேனில் லென்ஸிலிருந்து பார்வை நரம்பு வரை ஒரு தண்டு போலத் தெரியும். அதில் இரத்தம் ஓடுகிறதா, இல்லையா? நாம் பாடத்தில் படிக்கும் டாப்ளர் விளைவு அதற்கு விடை சொல்கிறது. ஓடும் இரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறும். இரத்தம் ஓடுகிறது என்று தெரிந்தால் அறுவை செய்பவர் இரத்தப்பெருக்கை எதிர்பார்த்து ஆயத்தமாக இருப்பார். தெரியாமல் கத்தி வைத்தால் ஆபத்து.

1991-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தோர் ஓ.சி.டி. என்னும் முறையை வெளியிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் சோடியம் விளக்கின் முன் நியூட்டன் வளையங்களை எண்ணி எண்ணிக் கண் வலித்த நண்பர்களே! அதே குறுக்கீட்டு விளைவுதான் இங்கும். கண்ணில் பட்டுத் திரும்பும் ஒளியையும் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியையும் சேர்த்து, இரண்டின் பாதைத் தொலைவும் ஒத்துவரும் ஆழத்தை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை நுணுக்கமாக, விழித்திரையின் அடுக்குகளைக் கத்தியின்றிக் காணலாம். கண்ணையும் மூளையையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் சி.டி., எம்.ஆர்.ஐ. இருக்கின்றன. அவற்றுக்கு நாயை மயக்க வேண்டும், செலவும் மிகுதி. ஆகவே அவை கடைசிப் படி.

மூன்று மறுப்புகள்

என் கருத்துக்கு முதல் மறுப்பு என் வீட்டிலிருந்தே வந்தது. "மனுசப் பிள்ளைக்குக் கண் காட்டவே ரெண்டு பஸ் மாறிப் போகணும்; நாய்க்கு ஸ்கேனாடா?" என்று கேட்டார் என் தந்தையார். கேள்வியில் நியாயம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு விடை சொல்லவும் ஒரு நாயே இருக்கிறது.

பிரியார்ட் என்பது பிரெஞ்சு நாட்டு மேய்ப்பு நாய் இனம். ஸ்வீடனில் அவ்வினக் குட்டிகள் சில பிறவியிலேயே மங்கலான ஒளியில் பார்வையற்று இருப்பதை 1989-இல் அறிவித்தார்கள். காரணமான மரபணுக் குறை 1998-இல் தெரிந்தது. அதே மரபணுவில் குறை நேர்ந்தால் மனிதக் குழந்தைகளும் பிறவியில் பார்வை இழக்கின்றன. 2001-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அத்தகைய நாய்களின் கண்ணில் நல்ல மரபணுவைச் செலுத்தினார்கள். நாய்கள் பார்வை பெற்றன. அவற்றுள் லான்ஸ்லாட் என்ற நாய் உலகப் புகழ் பெற்றது. அந்த வழியே நடந்து, 2017 டிசம்பரில் அதே குறையுள்ள மனிதர்களுக்கான மரபணு மருந்துக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. மருத்துவம் பெற்ற கண்களின் விழித்திரைத் தடிப்பை அளந்து பார்க்க ஓ.சி.டி. துணை நின்றது. நாய்க் கண்ணைக் கூர்ந்து பார்த்தவர்கள் இல்லாவிட்டால் அந்தக் குழந்தைகளுக்கு ஒளி ஏது? இங்கே இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் குட்டிகளின் விழித்திரை இளமையில் பார்வைக்கு நலமாகவே தோன்றும். குறையைக் காட்டியது விழித்திரையின் மின் துடிப்பை அளக்கும் சோதனை. படம் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நான் வாதிடவில்லை.

இரண்டாம் மறுப்பு நாய் வளர்ப்போருடையது: "குறையுள்ளதையெல்லாம் ஒதுக்கினால் இனமே அழிந்துவிடும்." இதிலும் உண்மை உண்டு. கோலியைப் போலக் கோளாறு மிகப் பரவிய இனத்தில் எல்லாவற்றையும் ஒதுக்கினால், மிஞ்சும் சில நாய்களை நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்க்க நேரும். வேறு குறைகள் தலைதூக்கும். ஆனால் ஒதுக்குவது ஒன்றே வழி என்று யார் சொன்னது? ஒரு குறை மரபணுவைச் சுமக்கும் நாயை, குறையற்ற நாயோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் கோளாறு தோன்றாது. பாதிக் குட்டிகள் முற்றிலும் குறையற்றவையாக இருக்கும். அவற்றிலிருந்து அடுத்த தலைமுறையைத் தேரலாம். யார் சுமக்கிறார் என்பதை மரபணுச் சோதனை சொல்லும். கோளாறு எவ்வளவு கடுமை, குழி விழுந்திருக்கிறதா என்பதைப் படமே சொல்லும். ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று, துணை.

இவ்விடத்தில் ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். மெர்ல் என்னும் புள்ளி நிறத்துக்கான மரபணு 2006-இல் கண்டறியப்பட்டது. அந்த நிறமுள்ள இரு நாய்களைச் சேர்த்தால், நான்கில் ஒரு குட்டி அம்மரபணுவை இரட்டையாகப் பெறும். அக்குட்டிகளில் பல சிறுத்த கண்ணோடும் கேளாச் செவியோடும் பிறக்கின்றன. இதைத் தவிர்க்க ஸ்கேன்கூட வேண்டியதில்லை. பெற்றோரின் தோலைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். அப்படியிருந்தும் அழகுக்காக அவ்வாறு சேர்ப்பவர்கள் உலகில் இருக்கிறார்கள். கருவி எவ்வளவு வளர்ந்தாலும் அதை ஏற்கும் நேர்மை வளராவிட்டால் பயனில்லை.

மூன்றாம் மறுப்பு செலவு. எல்லா நாய்க்கும் எம்.ஆர்.ஐ. எடு என்று சொன்னால் அது அறிவுடைமை ஆகாது. முதலில் சொட்டு மருந்தும் அகநோக்கியும். ஐயம் இருந்தால் வண்ணப் படம். கண் வெளுத்திருந்தால் மட்டும் ஸ்கேன். அதற்கும் கண்ணை மரக்கச் செய்யும் சொட்டு மருந்தும் பசையும் பெரும்பாலும் போதுமானவை; முழு மயக்கம் வேண்டியதில்லை. நிபுணர் எல்லா ஊரிலும் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கர்நாடகத்தில் 2008-இல் தொடங்கிய திட்டம் ஒன்றில், குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் படமெடுத்து அனுப்ப, தொலைவிலிருந்த கண் மருத்துவர்கள் பார்த்து முடிவு சொன்னார்கள். நகரத்து மருத்துவரின் கண், கிராமத்துக் குழந்தையின் தொட்டில் வரை நீண்டது. அந்த வழி கால்நடைக்கு மட்டும் அடைபட்டதா என்ன?

நாம் செய்யக்கூடியது

நம் நாட்டில் 2017-இல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. கண்ணைப் பார்க்க ஏற்ற காலமும் அந்த எட்டு வாரத்துக்குள்தான் வருகிறது. குட்டி தாயோடு, உடன்பிறந்தவற்றோடு ஓரிடத்தில் இருக்கும் அந்த நாட்களிலேயே ஒருமுறை கண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் இரண்டாம் வேண்டுகோள். கைமாறிப் பல ஊர்களுக்குப் போன பின் தேடிப் பிடித்துப் பார்ப்பது நடவாத காரியம்.

மூன்றாவதாக, நம் நாட்டு இனங்கள். இராசபாளையம் நாய்க்கு 2005-இல் இந்திய அஞ்சல் துறை அஞ்சல் தலை வெளியிட்டுப் பெருமை செய்தது. சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று நம்மிடம் இன்னும் இருக்கின்றன. தொகை குறைந்த இனத்தில் உறவுக்குள்ளேயே சேர்க்கை நடக்கும். ஒடுங்கு மரபணுக்கள் வெளிப்படும். கோலிக்கு நேர்ந்தது அவற்றுக்கும் நேருமுன், குட்டிகளின் கண்களைப் படமெடுத்துப் பதிவேடு ஒன்றைத் தொடங்க வேண்டும். பெருமை பேசுவதைவிட அதுவே அவற்றுக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை.

இயற்பியல் மாணவனுக்கு நாய்க்கண்ணில் என்ன வேலை என்று சில நண்பர்கள் கேட்டார்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸ் அப்படிக் கேட்டிருந்தால் கண் அகநோக்கி எப்போது பிறந்திருக்குமோ! விலங்கியல் மாணவர் கண்ணை அறிவார். நாம் ஒளியை அறிவோம். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் நம் ஊருக்குப் பயன்படும் எளிய கருவி ஒன்று ஏன் பிறக்கக் கூடாது?

ஏரிக்கரைக்குப் போன அந்த இரண்டு குட்டிகளுக்கும் இனி எதுவும் செய்ய இயலாது. அவற்றின் தாய் இப்போது இல்லை; ஆனால் அதன் வழி வந்த நாய்கள் எங்கள் தெருவில் இன்னும் இருக்கின்றன. இந்த விடுமுறையில் ஊருக்குப் போனதும், புதிதாகப் பிறந்திருக்கும் குட்டிகளை எட்டு வாரத்துக்குள் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வதாக இருக்கிறேன். தந்தையாரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கூடை ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்றேன்" என்றார்.